கிரிக்கெட் மைதானத்துக்குள் வந்த விமானம்

நான் வேலை செய்த விமானப்படைப் பயிற்சித் தளத்தில் இனிமேல் பைலற் பிள்ளைகள் முதல் சில மாதங்களுக்கு விமானத்தைத் தொடவே மாட்டார்களாம். இருட்டு அறையொன்றில் கதிரையில் இருந்தபடி, திரையில் தெரியும் வானத்தில் பறப்பார்களாம். விழுந்து நொறுங்கினாலும் ஒரு பொத்தானை அமத்தினால் போதுமாம், விமானம் முழுசாக ஓடுபாதைக்குத் திரும்பி வந்துவிடுமாம். என்னோடு வேலை செய்த இளம் மெக்கானிக் ஒருவன் இந்தச் செய்தியை அனுப்பி, "அங்கிள், உங்கட வேலைக்கு இனி ஆள் தேவையில்லை" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

நான் ஓய்வு பெற்று, சிட்னியின் லிட்கம்மில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறவன். எனக்கு ஏற்கனவே வேலை இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. நான் இந்த நாட்டில் சாப்பிட்ட சோறு பெரும்பாலும், படிக்கிற பிள்ளைகள் விமானத்தைக் கொண்டுபோய் எங்கேயாவது இடித்ததால் கிடைத்த சோறு. அதைப் பொத்தான் அமத்தி அழிக்கப் போகிறார்கள் என்றால் சும்மா இருக்க முடியுமா? அதனால் எழுதுகிறேன். பயந்த சுபாவமுள்ளவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ஒருவரும் சாகவில்லை.

கொழும்பில் விமானம் திருத்தப் படித்தேன். ஊரில் சண்டை முற்றியதும் சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். கார் கழுவினேன், பேக்கரியில் மா குழைத்தேன், படித்த படிப்பை இன்னொரு தடவை படித்துச் சோதனைகளை எழுதி லைசன்ஸ் எடுத்து, அந்தத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தளத்தில் இருந்தவை சின்னஞ்சிறு விமானங்கள், ஒரு எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆசனம். மலைகளைத் தாண்டி, சிட்னியிலிருந்து நீண்ட தூரம் காரோடினால் வரும் காய்ந்த ஊர் அது. அப்போது இந்த நாடு எங்கோ தொலைதூரத்தில் ஒரு போரில் இருந்தது. பைலற்மார் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அவசரமாகச் சமைத்தால் சோறு அடிப்பிடிக்கும் அல்லவா, அதைச் சுரண்டுகிற வேலை எங்களுடையது.

என்னென்ன விதமாக இடிப்பார்கள் என்கிறீர்கள்? ஒருவன் அற்புதமாகத் தரையிறங்கினான். எங்கள் தளத்தில் அல்ல, பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் தன் வயலுக்கு விமானத்தால் மருந்தடிக்கப் போட்டிருந்த மண் ஓடுபாதையில். இறங்கி, அந்த விவசாயி தந்த தேநீரைக் குடித்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரம் எங்கே என்று கேட்டிருக்கிறான். இன்னொருவன், பறக்கமுன் கழற்று என்று சிவப்பு நாடாவில் எழுதித் தொங்கவிட்ட, வேகம் அளக்கும் குழாயின் மூடியைக் கழற்றாமலே மேலே போனான். வேகம் காட்டும் முள் அசையவே இல்லை. திரும்பி வந்து இறங்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி இருந்தான், அது தேவாரமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். மூன்றாமவன் விமானத்தைத் தரையில் போட்ட போட்டில், பக்கத்தில் இருந்த பயிற்சியாளரின் மேல்வரிசைப் பொய்ப்பல் கழன்று எங்கேயோ போய்விட்டது.

அந்தப் பல்லைத் தேடியதை மறக்க முடியாது. விமானத்துக்குள் கட்டப்படாத பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஒரு ஆணி, ஒரு பேனை மூடி, எதுவாக இருந்தாலும் அது உருண்டுபோய், விமானத்தைத் திருப்பக் காலால் மிதிக்கும் பெடலுக்குள்ளோ கம்பிகளுக்குள்ளோ சிக்கினால் கதை முடிந்தது. ஆகவே பல் கிடைக்கும்வரை விமானம் பறக்க முடியாது, பயிற்சியாளர் பேச முடியாது. கடைசியில் அது ஆசனத்துக்குப் பின்னால் தீயணைப்புக் கருவியைக் கடித்தபடி இருந்தது.

அந்த விதியைக் காத்தவர் எங்கள் தலைமை எஞ்சினியர் கொலின். ஒல்லியான, உயரமான மனுசன். அவர் பேசியது அந்தப் பக்கத்து ஆங்கிலம்தான், ஆனால் என் காதுக்குள் போகும்போது அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அங்கிருந்த எல்லா வெள்ளைக்காரருடைய பேச்சையும் அப்படியே எழுதுகிறேன், வேறு மாதிரி எனக்கு நினைவில் இல்லை.

விபத்து என்று செய்தி வந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். கொலின் கேத்திலைப் போடுவார். தேநீர்க் கோப்பையோடு நடந்து வந்து, விமானத்தைச் சுற்றி மெதுவாக நடப்பார். ஒரு மிடறு, ஒரு அடி. ஒருவரும் தொடக்கூடாது, ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

"அது தானாச் சொல்லும். நீ இடையில கதைச்சாக் கேக்காது" என்பார்.

தேநீர் முடிந்த பிறகுதான் வேலை. முதலில் விமானியின் இடத்தில் ஒவ்வொரு சுவிட்சும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று படம் எடுக்க வேண்டும். அதன்பிறகு பற்றரியைக் கழற்ற வேண்டும், எரிபொருளை இறக்க வேண்டும். முன்சில்லின் கால் வளைந்திருக்கிறதா பார்க்க வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கண்ணால் பார்த்தால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் விரலுக்குத் தெரியும். கடைசியாகத்தான் டோர்ச்சும், தடியில் பொருத்திய சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஆசனங்களுக்குக் கீழே தலைகீழாகத் தொங்க வேண்டும். தொங்குவது என் வேலை. கொலினின் கால்கள் நீளம், உள்ளே மடங்காது.

இனி அந்தப் பெரிய கதைக்கு வருகிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளின் குடும்பங்கள் தளத்தைப் பார்க்க வரலாம். அந்த முறை வந்தவர்களில் சறோவும் இருந்தாள். சிட்னியின் ஹரிஸ் பார்க்கில் குடியிருந்தவள், முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. ஊரில் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு இங்கே வந்தவள். அந்தக் குழந்தைதான் வளர்ந்து, அவளுடைய பேச்சைக் கேட்காமல் விமானப்படை பைலற் ஆகிறேன் என்று வந்து நின்ற கிருஷாந்த். தளத்திலேயே அவனும் நானும்தான் தமிழர், ஆகையால் சறோ என்னை வந்தவுடனேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, இது பிள்ளையின்ர பிளேனாம். உண்மையே?"

கிருஷாந்த் அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னைக் கண்ணால் கெஞ்சினான். அங்கே ஒரு பிள்ளைக்கும் சொந்தமாக விமானம் கிடையாது, ஒவ்வொரு நாளும் கிடைப்பதை ஓட்ட வேண்டியதுதான். குடும்பத்தார் படம் எடுப்பதற்காக வெளியே நிறுத்தியிருந்த ஒன்றைக் காட்டி, தன்னுடையது என்று அளந்து விட்டிருக்கிறான். நான் பொதுவாகத் தலையை ஆட்டினேன். அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம்.

சறோ பையிலிருந்து குங்குமம் பூசிய தேசிக்காய்களை எடுத்தாள். இந்தியத் தமிழர் எலுமிச்சை என்பார்களே, அதுதான். புதுக் கார் வாங்கினால் கோயிலில் பூசை செய்து, சில்லுக்கு ஒன்றாக வைத்து நசுக்கிக்கொண்டு வெளிக்கிடுவது நம் வழக்கம். இந்த நாட்டில் காரை விட்டுக் கப்பலே வாங்கினாலும் செய்வோம்.

"நாலு கொண்டு வந்தனான் அண்ணை."

"தங்கச்சி, இதுக்கு மூண்டு சில்லுத்தான்."

"அப்ப மற்றதை என்ன செய்யிறது?"

இதற்குள் கொலின் வந்துவிட்டார். நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"இந்த இடத்தில சின்னக் கல்லையே விடமாட்டன். பழத்தை எப்பிடி விடுறது? அம்மாவிட்டை மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லு."

சறோ நல்ல பிள்ளையாகத் தேசிக்காய்களைப் பைக்குள் வைத்தாள். பிறகு படம் எடுக்க விமானத்துக்குள் ஏறி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வெகுநேரம் உள்ளே இருந்தாள். கிருஷாந்த் அவசரப்படுத்தினான். நான் வேறு குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில நாட்களுக்குப் பிறகு அந்த விமானத்தை ரைலி என்ற பெடியன் தனியாக எடுத்துக்கொண்டு போனான். தூரத்து ஆட்டுப் பண்ணையொன்றில் பிறந்து வளர்ந்தவன். கைகள் மண்வெட்டி மாதிரி, மனசு வெண்ணெய். படிக்கத் தொடங்கிய புதிதில் இரண்டு தடவை விமானத்தை இடித்திருந்தான். இன்னொரு தடவை இடித்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்றைய பாடம் குட்டிக்கரணம் போடுவது, தலைகீழாகப் பறப்பது. எல்லாவற்றையும் நன்றாகவே செய்துவிட்டு இறங்கினான். சில்லு தரையில் பட்டதும் விமானம் இடப்பக்கமாகத் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே ஓடுபாதையை விட்டு, புல்லைத் தாண்டி, கம்பி வேலியை அறுத்துக்கொண்டு, பக்கத்து மைதானத்துக்குள் புகுந்தது.

மைதானத்தில் அதிகாரிகளின் கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. துடுப்பெடுத்து ஆடிக்கொண்டிருந்தவர் பயிற்சிக்குப் பொறுப்பான விங் கமாண்டர். அரைச்சதத்துக்கு ஒரு ஓட்டம் பாக்கி. களத்தடுப்பாளர்கள் நாலு திசையிலும் சிதறி ஓட, விமானம் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து, புரொப்பெல்லர் வளைந்து, நடுவருக்குச் சற்றுத் தள்ளி நின்றது. ரைலி ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி, விங் கமாண்டருக்குச் சல்யூட் அடித்தான். அவர் துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிலுக்கு அடித்தார். ஆட்டம் கைவிடப்பட்டது. அந்த ஒரு ஓட்டத்தை அவர் கடைசிவரை எடுக்கவில்லை.

"வலது பெடல் அசையேல்லை சேர்" என்றான் ரைலி.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது" என்றார் விங் கமாண்டர். அடுத்த நாளே விசாரணை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரைலி வீட்டுக்குப் போன் எடுத்து, தன்னைக் கூட்டிக்கொண்டு போக வரும்படி அப்பாவிடம் சொன்னான்.

கொலின் கேத்திலைப் போட்டார்.

சுற்றி நடந்து, படம் எடுத்து, பற்றரி கழற்றி, தகடு தடவி, கடைசியில் என்னை உள்ளே தொங்கவிட்டார்கள். டோர்ச்சை அடித்தேன். வலது பெடலுக்கும் அதன் முன்னால் உள்ள தகட்டுக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் திருப்பினேன். மஞ்சள் துணி, சிவப்பு நூல், பிதுங்கிய தேசிக்காய். குங்குமம்கூட அழியவில்லை. எனக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது, தலைகீழாகத் தொங்கியதால் மட்டும் அல்ல.

ஆசன உறையைக் கழற்றிப் பார்த்தோம். பாதி திறந்திருந்த பின்பக்கத்து ஸிப்புக்குள்ளே பஞ்சை விலக்கி ஒரு குழி, அதைச் சுற்றியும் குங்குமம். நாளாந்தச் சோதனையில் உறையைக் கழற்றுவதில்லை. நேராகப் பறந்தவரைக்கும் அது அங்கேயே பத்திரமாக இருந்திருக்கிறது. ரைலி தலைகீழாகப் பறந்ததும் வெளியே விழுந்து, உருண்டு, பெடலுக்குள் போய்விட்டது.

"இது என்ன சாமான்?" என்றார் கொலின்.

நான் சொன்னேன். யாருடையது என்றும் சொன்னேன். அவர் வெறுமையான கோப்பையோடு போய், கேத்திலை மறுபடியும் போட்டார்.

கிருஷாந்த் ஹாங்கருக்கு வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. "அங்கிள், ஐ டோல்ட் அம்மா இட் வோஸ் மை பிளேன். அதுதான் அம்மா வைச்சவா. இதைச் சொன்னா ஐ ஆம் ஃபினிஷ்ட்."

"சொல்லாட்டி ரைலி முடிஞ்சான்" என்றேன்.

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விங் கமாண்டரின் அறைப் பக்கம் நடந்தான். எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. நான் சறோவுக்குப் போன் எடுத்தேன். மகனுக்கு ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன்.

மறுநாள் விசாரணை அறையில் மேசைக்கு நடுவே, பிளாஸ்ரிக் பைக்குள் தேசிக்காய். ஒரு பக்கம் விங் கமாண்டரும் இரண்டு அதிகாரிகளும். மறுபக்கம் ரைலி, கிருஷாந்த், கொலின், நான். மலைகளைத் தாண்டிக் காரோட்டி வந்த சறோ, மடியில் வடைப் பாத்திரத்தோடு ஓரக் கதிரையில். அவளுக்கு ஆங்கிலம் விளங்கும், ஆனால் பயத்தில் வாய்க்கு வராது. மொழிபெயர்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"இந்தப் பொருளாலதான் விபத்து நடந்தது. சரியோ?" விங் கமாண்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம் சேர்."

"இதை என்னத்துக்கு விமானத்துக்குள்ள வைக்கிறது?"

"விபத்து வராமல் இருக்க, சேர்."

ஒரு அதிகாரி இருமினார். கொலின் கூரையைப் பார்த்தார். விங் கமாண்டரின் மீசை மட்டும் ஒரு தடவை அசைந்தது.

"அம்மாவிட்டைக் கேளுங்கோ, இதால என்ன நடந்ததெண்டு அவவுக்கு விளங்குதோ?"

நான் கேட்டேன். சறோ பதில் சொல்லாமல் ரைலியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு எங்கையும் காயமே அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி, ஒரு கீறலும் இல்லை."

"கிரவுண்டில நிண்ட ஆக்களுக்கு?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"வேலியை அறுத்துக்கொண்டு போய், அவ்வளவு சனத்துக்கு நடுவில நிண்டும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. பிறகென்ன, தேசிக்காய் வேலை செய்திருக்குத்தானே? ஆனா வைச்சது நான். இந்தப் பிள்ளையளிலை பிழை இல்லை. அதையும் சொல்லுங்கோ."

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். மூன்று அதிகாரிகளும் பைக்குள் இருந்த தேசிக்காயைக் குனிந்து பார்த்தார்கள்.

அப்போது கொலின் எழுந்தார். முதலில் எடுத்த படத்தை மேசையில் வைத்தார். "விமானம் சொன்னதை நீங்கள் கேக்கேல்லை. பாருங்கோ, எரிபொருள் பூட்டியிருக்கு. எஞ்சின் சுவிட்ச் நிப்பாட்டியிருக்கு. பற்றரியும் நிப்பாட்டியிருக்கு. பெடல் இறுகி, விமானம் கண்டபடி ஓடேக்கை இந்தப் பெடியன் இவ்வளவையும் செய்திருக்கிறான். என்ர காலத்தில கன பேர் கண்ணைத்தான் மூடினவை."

விங் கமாண்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரைலியைப் பார்த்து, "நாளைக்குப் பறக்க வா" என்றார். ரைலி அழுதுவிட்டான். கிருஷாந்துக்கு, அம்மாவிடம் பொய் சொன்ன குற்றத்துக்காக, அறுந்த வேலியைக் கட்டும் தண்டனை. விங் கமாண்டர் சறோவின் பாத்திரத்திலிருந்து வடையொன்றை எடுத்துக்கொண்டு, "இதை எங்கையும் ஒளிச்சு வைக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

கிருஷாந்துக்கு வேலி கட்டத் தெரியாது. ஹரிஸ் பார்க்கில் ஏது கம்பி வேலி? ரைலி, கேட்காமலே உதவிக்குப் போனான். இருவரும் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கம் திறந்த ஒரு பழைய பண்ணை வண்டி மைதான ஓரமாக வந்து நின்றது. ரைலியின் அப்பா. விடிய வெளிக்கிட்டு, மகனைக் கூட்டிப்போக வந்தவர். மகன் ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னான். அவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அவர்கள் கட்டிய வேலியைப் பார்த்து முகத்தைச் சுளித்து, வண்டியிலிருந்து தன்னுடைய கம்பி முறுக்கும் குறடொன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, நானும் சறோவும் நின்ற மரநிழலுக்கு வந்தார். சறோ வடையைக் கொடுத்தாள்.

"நல்ல செய்தி" என்றேன் நான்.

"ஓம்" என்றார் அவர். வடையைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "பெடியனுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. அவன் போன் எடுத்து, தன்னைத் துரத்தப் போறாங்களெண்டு சொன்னவுடன எனக்குச் சந்தோசமாப் போச்சு. எழும்பிப் போய் வண்டியைக் கழுவினனான். மனுசி அவன்ர கட்டிலை விரிச்சு வைச்சிருக்கிறா. இஞ்சை பாஸ் பண்ணினால் எந்தச் சண்டைக்கு அனுப்புவாங்களெண்டு தெரியும்தானே."

நான் சறோவின் பக்கம் திரும்பினேன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அவளுக்கு விளங்கிவிட்டது. கண்கள் நிறைந்திருந்தன.

"அண்ணை, அவருக்குச் சொல்லுங்கோ. தேசிக்காய் பிளேனுக்கு. பிள்ளையாருக்கு நான் நேர்ந்தது வேற. என்ர பிள்ளை காயமில்லாமல் பெயிலாகி வீட்டை வரவேணுமெண்டுதான் நேர்ந்தனான்."

சொன்னேன். அந்தப் பெரிய மனுசன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகள் இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு கம்பியை இழுத்தார்கள்.

"நீங்கள் தினமும் பாக்கிறனீங்கள்" என்றார் அவர் என்னிடம். "உண்மையைச் சொல்லுங்கோ. இவங்கள் எப்பிடி ஓட்டுறாங்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. இரண்டு பேருமே மிக நன்றாக ஓட்டுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னேன். கேட்டதும் அவருடைய முகமும் சறோவின் முகமும் வாடிப்போயின.